குல்கர்ணி (குடும்பப் பெயர்)

குல்கர்ணி என்பது இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்திலும் கருநாடகத்தின் வட மாவட்டங்களிலும் பரவலாக வழங்கும் ஒரு குடும்பப் பெயர் ஆகும். தக்காணத்து ஊர்களில் நிலவரிக் கணக்கையும் ஊர் ஆவணங்களையும் எழுதிப் பேணிய பரம்பரை அலுவலரைக் குறித்த பதவிப் பெயரே பின்னர்க் குடும்பப் பெயராக நிலைபெற்றது. தமிழகத்தில் கர்ணம் அல்லது கணக்கப்பிள்ளை எனப்பட்ட அலுவலரோடு இவரை ஒப்பிடலாம். இப்பெயர் கொண்டோரில் பெரும்பாலோர் தேசஸ்த பிராமணர்கள். எனினும் கர்ஹாடே பிராமணர், சாரஸ்வதர், சந்திரசேனிய காயஸ்தப் பிரபு முதலிய பிற சமூகத்தவரிடையேயும் இப்பெயர் காணப்படுகிறது. குல்கர்ணி என்பது சாதியின் பெயரோ, கோத்திரத்தின் பெயரோ, ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்த குலத்தின் பெயரோ அன்று. அது ஒரு தொழிலின் பெயர். அத்தொழில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

பெயரின் வடிவங்கள்

மராத்தியில் இப்பெயர் குலகர்ணீ எனவும், பழைய வழக்கில் ளகரம் பெற்றுக் குளகர்ணீ எனவும் எழுதப்படுகிறது. கன்னடத்தில் குலகர்ணி என வழங்கும். ஆங்கில எழுத்தில் லகர ளகர வேறுபாடும் னகர ணகர வேறுபாடும் மறைந்துவிடுவதால், ஆங்கிலத்தைப் பார்த்து எழுதும் தமிழ் இதழ்களில் குல்கர்னி என்ற வடிவம் மிகுதியாகக் காணப்படுகிறது. மராத்தியிலும் கன்னடத்திலும் இறுதியில் வருவது ணகரமே என்பதால் குல்கர்ணி என எழுதுவதே மூல ஒலிப்புக்கு நெருக்கமானது.

சொற்பிறப்பு

இப்பெயர் இரண்டு சொற்களின் கூட்டு ஆகும்.

இரண்டாம் பகுதியாகிய கர்ணி என்பது கரணம் என்னும் வடசொல்லின் வழியாக வந்தது. 'செய்தல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இச்சொல் 'ஆவணம்', 'எழுத்துப் பணி', 'எழுத்தர்' ஆகிய பொருள்களையும் பெற்றது. கரணிகர் என்றால் எழுத்தர் அல்லது கணக்கர். தெலுங்கிலும் கன்னடத்திலும் கரணம், தமிழில் கர்ணம், ஒடிசாவில் கரண் என்னும் சமூகப் பெயர் ஆகியவை இதே மூலத்தைச் சேர்ந்தவை. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊர்ச் சபையின் கணக்கை எழுதியவர் கரணத்தான் எனப்படுகிறார். காது என்னும் பொருள் தரும் கர்ண என்ற சொல்லோடோ, பாரதக் கதையின் கர்ணனோடோ இதற்குத் தொடர்பில்லை.

முதற்பகுதி பற்றி இருவகை விளக்கங்கள் உள்ளன. குலம், அதாவது குடும்பம் என்று பொருள் கொண்டு, ஊரிலுள்ள குடும்பங்களின் ஆவணங்களை வைத்திருப்பவர் என்பது ஒன்று. மற்றொன்று மராத்தி வழக்கை அடிப்படையாகக் கொண்டது. மராத்தியில் கூள் அல்லது குள் என்னும் சொல்லுக்குக் குடும்பம் என்ற பொருளோடு, வரி செலுத்தும் உழவர், குத்தகைதாரர், கடன்பட்டவர் என்ற பொருள்களும் உண்டு. மகாராட்டிரத்தில் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை மக்கள் 'குள் காயதா' என்றே அழைக்கின்றனர். இதன்படி குளகர்ணீ என்பவர் உழவர் ஒவ்வொருவரின் வரிக்கணக்கையும் பெயர்வாரியாக எழுதுபவர் ஆவார். இப்பதவியின் முதன்மையான வேலை அதுவே என்பதால் இவ்விளக்கம் பணியோடு நன்கு பொருந்துகிறது.

இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. தமிழில் குடி என்னும் சொல் குடும்பம், குலம் ஆகியவற்றைக் குறிப்பதோடு, குடியானவர், குடிவாரம் போன்ற சொற்களில் உழவரையும் குறிப்பதை இங்கு ஒப்புநோக்கலாம். வரியைக் குடும்பத்தின் பெயரில் பதிந்த சமூகத்தில் இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் அமைவது இயல்பே.

குல்கர்ணி பதவி

ஊரமைப்பில் இடம்

தக்காணத்து ஊராட்சியில் பாட்டீல், குல்கர்ணி ஆகிய இருவரும் இணையான தூண்களாக விளங்கினர். பாட்டீல் ஊர்த் தலைவர். வரி தண்டுதல், அமைதி காத்தல், வழக்குத் தீர்த்தல் ஆகியவை அவருடைய பொறுப்பு. அவர் பெரும்பாலும் மராத்தா, குண்பி அல்லது இலிங்காயத்து உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தார். குல்கர்ணி எழுத்தறிவு பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். பாட்டீலுக்குத் துணையாகச் சௌகுலா என்ற அலுவலரும் இருந்தார். இவர்களுக்குக் கீழ் தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார், மகார் முதலிய பலுதேதார்கள் ஊருக்குப் பணி செய்து விளைச்சலில் பங்கு பெற்றனர்.

ஊர்கள் பல சேர்ந்தது பரகணா எனப்பட்டது. அந்நிலையில் பாட்டீலுக்கு இணையாகத் தேஷ்முக்கும், குல்கர்ணிக்கு இணையாகத் தேஷ்பாண்டேவும் இருந்தனர். 1818இல் பேஷ்வா ஆட்சி முடிவுற்ற பின் எல்பின்ஸ்டன் 1819இல் அளித்த அறிக்கை, பாட்டீலையும் அவருக்கு உதவியாக இருந்த சௌகுலா, குல்கர்ணி ஆகியோரையும் ஊராட்சியின் உறுப்பினர்களாக விவரிக்கிறது.

பணிகள்

குல்கர்ணியின் பணிகளில் முக்கியமானவை பின்வருமாறு:

* ஊரின் நிலங்கள், அவற்றின் எல்லை, தரம், உரியவர் ஆகியவற்றின் பதிவேட்டை வைத்திருத்தல்
* ஒவ்வோர் உழவரும் செலுத்த வேண்டிய வரி, செலுத்திய தொகை, நிலுவை ஆகியவற்றை எழுதுதல்
* வரி செலுத்தியதற்குப் பற்றுச்சீட்டு அளித்தல்
* ஊரின் பொதுச் செலவுகளைக் கணக்கிட்டு உழவரிடையே பங்கிடுதல்
* மேலிடத்து ஆணைகளை ஊராருக்குப் படித்துக் காட்டி, அவற்றுக்கு மறுமொழி எழுதுதல்
* விற்பனை, பாகப்பிரிவினை, கடன் முதலியவற்றுக்கான பத்திரங்களை எழுதுதல்

ஊர்ச் சபை வழங்கிய தீர்ப்பு மகசர் எனப்பட்ட ஆவணமாக எழுதப்பட்டது. எழுதத் தெரியாதவர்கள் தங்கள் தொழிலின் அடையாளத்தை அதில் கையொப்பமாக இட்டனர். பாட்டீலின் அடையாளம் ஏர்க்கலப்பை. கைவினைஞர்கள் தத்தம் கருவிகளை வரைந்தனர். ஊரே கூடிக் கையொப்பமிட்ட அத்தகைய ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தாமே படித்தறியக் கூடியவர்கள் மிகச் சிலரே. குல்கர்ணி பதவியின் மதிப்பும் அதன்மேல் எழுந்த பகையும் இந்நிலையிலிருந்தே தோன்றின.

மொழியும் எழுத்தும்

மராத்தி ஆவணங்கள் பெரும்பாலும் மோடி எனப்படும் விரைவெழுத்தில் எழுதப்பட்டன. நாணற் பேனாவைத் தாளிலிருந்து அதிகம் எடுக்காமல் தொடர்ந்து எழுத ஏற்ற வகையில் அமைந்தது இவ்வெழுத்து. யாதவ அரசின் அமைச்சரான ஹேமாத்ரி 13ஆம் நூற்றாண்டில் இதனை அறிமுகப்படுத்தினார் என்பது மரபுவழிச் செய்தி. பீசப்பூர் சுல்தான் முதலாம் இப்ராகீம் அடில் ஷா (ஆட்சி: 1534–1558) வருவாய்க் கணக்குகளைப் பாரசீகத்துக்கு மாற்றாக உள்ளூர் மொழியில் எழுதச் செய்தார் என வரலாற்றாசிரியர் பெரிஷ்தா குறிப்பிடுகிறார். இதனால் அரசர்களும் சமயமும் மாறியபோதும் ஊர்க்கணக்கு அதே குடும்பங்களின் கையில் தொடர்ந்தது. மோடி எழுத்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கொழிந்தது. 1855 வரை நீடித்த தஞ்சை மராத்தியர் ஆட்சியின் மோடி ஆவணங்கள் தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகத்தில் பேணப்படுகின்றன.

வத்தன் உரிமை

குல்கர்ணி பதவி மாதச் சம்பளம் பெறும் வேலை அன்று. அது வத்தன் எனப்பட்ட பரம்பரைச் சொத்து ஆகும். அரபு மூலமுடைய வத்தன் என்னும் சொல் பதவி, அதற்குரிய மானிய நிலம், உழவரிடமிருந்து பெறும் தானியம் அல்லது பணம், விழாக்களில் முதன்மை ஆகிய அனைத்தையும் ஒருங்கே குறித்தது. வத்தன் உடையவர் வத்தன்தார் எனப்பட்டார்.

சொத்து ஆதலால் வத்தன் தந்தையிடமிருந்து மக்களுக்குச் சென்றது; உடன்பிறந்தாரிடையே பங்கிடப்பட்டது; நெருக்கடியில் அடகு வைக்கப்பட்டது; விற்கவும் பட்டது. ஒரே குடும்பம் பல ஊர்களின் குல்கர்ணி வத்தனை வைத்திருந்ததும் உண்டு. ஓர் ஊரின் வத்தனில் பல குடும்பங்கள் பங்கு கொண்டதும் உண்டு. சோதிடமும் சடங்கும் பார்க்கும் ஜோஷி வத்தனையும் குல்கர்ணி வத்தனையும் சில குடும்பங்கள் சேர்த்தே பெற்றிருந்தன. வத்தன்தார் சிறுவராகவோ பெண்ணாகவோ இருந்தால், அவருக்காகக் குமாஸ்தா ஒருவர் கணக்கெழுதினார்.

பிரித்தானிய ஆட்சியில் 1874ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரைப் பதவிகள் சட்டம் இவ்வுரிமைகளை வரையறுத்தது. அரசின் இசைவின்றி வத்தன் நிலத்தை வத்தன் குடும்பத்துக்கு வெளியே கைமாற்ற அச்சட்டம் தடை விதித்தது. 1886ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், கடைசி ஆண் உரிமையாளரின் கைம்பெண் நீங்கலாக, வத்தன் குடும்பத்துப் பெண்களின் வாரிசுரிமையைத் தகுதியுள்ள ஆண்களுக்குப் பின்தள்ளியது.

அதிகாரமும் எதிர்ப்பும்

குல்கர்ணியிடம் படையோ பெரிய செல்வமோ இருக்கவில்லை. ஆனால் எந்த வயல் யாருடையது, யார் எவ்வளவு செலுத்தினார் என்பதற்கு அவருடைய ஏடே சான்று. பற்றுச்சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க இயலாத உழவர், எழுதியவரின் நேர்மையை நம்பியே வாழ வேண்டியிருந்தது. நேர்மையான குல்கர்ணி ஊரின் நினைவாகவும், அரசின் மிகையான கோரிக்கைகளுக்கு எதிராக ஊருக்காக வாதிடுபவராகவும் விளங்கினார். நேர்மையற்றவர் ஒரே ஒரு வரியைத் திருத்தி ஒரு குடும்பத்தின் நிலத்தைப் பறிக்கக் கூடியவராக இருந்தார்.

1873இல் புனேயில் சத்தியசோதக் சமாஜத்தை நிறுவிய ஜோதிராவ் புலே, குல்கர்ணி உள்ளிட்ட பிராமண அலுவலர்களின் பிடியில் உழவர் படும் துன்பத்தைத் தமது 'ஷேத்கர்யாச்சா ஆசூட்' (உழவரின் சாட்டை) நூலில் கடுமையாக எடுத்துரைத்தார். எழுத்தறிவின்மையே இத்துன்பத்தின் வேர் என்பது அவர் கருத்து. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் அவர் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்குமாறு வேண்டினார். அவ்வழியில் வந்த முகுந்தராவ் பாட்டீல் 'குல்கர்ணி லீலாம்ருத்' என்ற நூலில் ஊர்க்கணக்கரின் செயல்களை எள்ளி நகையாடினார்.

கோலாப்பூர் சமத்தானத்தின் மன்னர் சாகு மகராஜ் 1917இல் தம் நாட்டில் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டு, 1918இல், குல்கர்ணி வத்தனை ஒழித்து, சம்பளம் பெறும் தலாட்டி என்ற கணக்கர்களை நியமித்தார். இம்மாற்றத்தால் பிற சமூகத்து இளைஞர்களும் ஊர்க்கணக்கர் ஆகும் வாய்ப்பைப் பெற்றனர். வத்தன்தார்கள் இதனைத் தங்கள் சொத்துரிமையைப் பறிக்கும் செயலாகக் கருதி எதிர்த்தனர். ஒரு தரப்பு பிறப்புவழிச் சொத்து என்றதை மறுதரப்பு பொதுப்பணி என்றது. இதுவே அப்பூசலின் அடிப்படை.

பதவி ஒழிப்பு

விடுதலைக்குப் பின், 1950ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரகணா மற்றும் குல்கர்ணி வத்தன் ஒழிப்புச் சட்டம் 1951 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தால் பதவியும் அதன் உரிமைகளும் நீங்கின. வத்தன் நிலங்கள் அரசு நிலங்களாக்கப்பட்டு, குறித்த தொகையைச் செலுத்திய பழைய உரிமையாளர்களுக்கு வரி செலுத்தும் சாதாரண நிலங்களாக மீண்டும் வழங்கப்பட்டன. அந்நாள் மைசூர் மாநிலத்தில் (இன்றைய கருநாடகம்) 1961ஆம் ஆண்டின் ஊர்ப் பதவிகள் ஒழிப்புச் சட்டம் 1963 பெப்ரவரி 1 முதல் செயற்பட்டது.

இதே காலத்தில் வேறு இரு நிகழ்வுகளும் குல்கர்ணி குடும்பங்களின் ஊர் வாழ்வை மாற்றின. 1948 சனவரியில் காந்தி கொலையுண்டதைத் தொடர்ந்து மேற்கு மகாராட்டிரத்தில் பிராமணர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. பலர் ஊரை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். குள் காயதா எனப்படும் 1948ஆம் ஆண்டின் பம்பாய்க் குத்தகை மற்றும் வேளாண் நிலச் சட்டம் பின்னர்த் திருத்தப்பட்டு, 1957 ஏப்ரல் 1 முதல் உழும் குத்தகைதாரரை நிலத்தின் உரிமையாளர் ஆக்கியது. இவ்வாறு, குள் என்று கணக்கில் எழுதப்பட்டவர்கள் பலர் நிலவுடைமையாளர் ஆயினர். கணக்கை எழுதிய குடும்பங்கள் பல நிலமின்றி நகரத்து அலுவலகங்களையும் பள்ளிகளையும் நாடின.

ஊர்க்கணக்கு இன்று அரசு ஊழியர்களிடம் உள்ளது. மகாராட்டிரத்தில் நிலவுரிமைக்குச் சான்றாக விளங்கும் 'சாத்-பாரா' (ஏழு-பன்னிரண்டு) பதிவேடு, ஏழாம் எண், பன்னிரண்டாம் எண் படிவங்களின் சேர்க்கை ஆகும். இது தமிழகத்தின் சிட்டா, அடங்கல் போன்றது. கருநாடகத்தில் 2000களின் தொடக்கத்தில் பூமி என்ற திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டன. ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருந்த ஏடு இவ்வாறு எவரும் கட்டணம் செலுத்திப் படியெடுக்கக் கூடிய பதிவாக மாறியது.

பதவிப் பெயர் குடும்பப் பெயரான வகை

முற்காலத்தில் ஒருவரை அவருடைய இயற்பெயர், தந்தை பெயர் ஆகியவற்றோடு, தேவையான இடத்தில் வத்தன் பெயரையும் சேர்த்துக் குறித்தனர். வழக்குகளிலும் ஆவணங்களிலும் 'இன்ன ஊர்க் குல்கர்ணி' என்று எழுதுவது உரிமையை நிலைநாட்டும் வழியாகவும் இருந்தது. ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிப் பதிவேடுகளும் அலுவலக ஆவணங்களும் நிலையான குடும்பப் பெயரைக் கோரியபோது பலர் குல்கர்ணி என்பதையே பதிந்தனர். ஊர்ப் பெயரோடு 'கர்' விகுதி சேர்த்து அமைந்த பெயரைத் தேர்ந்தவர்களும் உண்டு. இதனால் ஒரே மூதாதையின் வழிவந்தோர் வெவ்வேறு குடும்பப் பெயர்களைப் பெற்றிருப்பதும், உறவே இல்லாதோர் குல்கர்ணி என்ற ஒரே பெயரைப் பெற்றிருப்பதும் இயல்பாயின.

ஆகவே இப்பெயரைக் கொண்டு ஒருவரின் கோத்திரத்தையோ, தாய்மொழியையோ, பூர்வீக ஊரையோ கூற இயலாது. திருமண உறவில் கோத்திரம் பார்க்கும் குடும்பங்களிலும், கோத்திரம் வேறாக இருந்தால் குல்கர்ணி குடும்பங்கள் இரண்டு மணவுறவு கொள்வதற்குப் பெயரின் ஒற்றுமை தடையாகக் கருதப்படுவதில்லை. மராத்தித் திரைப்படத் துறையில் சோனாலி குல்கர்ணி என்ற ஒரே பெயரில் உறவினர் அல்லாத நடிகைகள் இருவர் உள்ளமை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஞானேஸ்வரரின் முன்னோர் கோதாவரிக் கரையிலுள்ள ஆபேகாவின் குல்கர்ணிகள் என அவருடைய மரபுவழி வரலாறுகள் கூறுகின்றன. ஆயினும் குல்கர்ணி என்ற பெயருடையோர் அனைவரும் அவர் மரபினர் என்று கொள்வதற்கில்லை.

இதைப் போலவே தக்காணத்துப் பதவிகளிலிருந்து தோன்றிய பிற குடும்பப் பெயர்கள் சில:

* பாட்டீல் – ஊர்த் தலைவர்
* தேஷ்முக் – பரகணாத் தலைவர்
* தேஷ்பாண்டே – பரகணாக் கணக்கர்
* போத்தார் – நாணயம் சோதிப்பவர்
* பட்ணவீஸ் – அரசின் வரவுசெலவு ஆவணங்களுக்குப் பொறுப்பாளர்
* சிட்ணீஸ் – மடல் எழுதும் செயலர்
* இனாம்தார் – மானிய நிலம் உடையவர்
* ஷான்பாக் – கன்னட நாட்டு ஊர்க்கணக்கரான சானபோகர்

தமிழகத்து ஒப்புமை

தமிழக ஊர்களில் மணியக்காரர் அல்லது முன்சீப், கர்ணம், தலையாரி, வெட்டியான் ஆகியோர் ஊர்ப் பணியாளர்களாக இருந்தனர். இவர்களுள் மணியக்காரர் பாட்டீலுக்கும் கர்ணம் குல்கர்ணிக்கும் இணையானவர்கள். கருணீகர் என்னும் சமூகப் பெயரும் கணக்குத் தொழிலிலிருந்து வந்ததே. இராமலிங்க அடிகளின் தந்தை இராமையா மருதூரில் ஊர்க்கணக்கராக இருந்தவர். தமிழகத்தில் பரம்பரையாகத் தொடர்ந்த பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் 1980 நவம்பரில் ம. கோ. இராமச்சந்திரன் அரசால் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவாக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1982இல் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

பணி ஒன்றாயினும் பெயரின் போக்கு வேறானது. தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடும் வழக்கத்தை மேற்கொண்டதால், கர்ணம் என்பது மராத்தியரிடையே நிகழ்ந்தது போலப் பெருந்திரளான குடும்பங்களின் நிலைத்த பெயராகவில்லை.

குறிப்பிடத்தக்கோர்

* கலகநாதர் (வேங்கடேச திரகோ குல்கர்ணி, 1869–1942) – கன்னடப் புதின முன்னோடி
* ஜி. ஏ. குல்கர்ணி (1923–1987) – மராத்திச் சிறுகதை எழுத்தாளர்
* தோண்டுதாய் குல்கர்ணி (1927–2014) – செய்ப்பூர்-அத்ரௌலி மரபின் இந்துத்தானி இசைக் கலைஞர். கேசர்பாய் கேர்க்கரின் மாணவி
* சுதா மூர்த்தி (பி. 1950) – எழுத்தாளர், பொறியாளர், பிறந்த வீட்டுப் பெயர் குல்கர்ணி
* ஷ்ரீநிவாஸ் குல்கர்ணி (பி. 1956) – வானியலாளர், 1982இல் முதல் மில்லிநொடித் துடிவிண்மீனைக் கண்டறிந்த குழுவினர், சுதா மூர்த்தியின் உடன்பிறந்தவர்
* அதுல் குல்கர்ணி (பி. 1965) – நடிகர், 'ஹே ராம்' திரைப்படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றவர்
* நிலேஷ் குல்கர்ணி (பி. 1973) – துடுப்பாட்டக்காரர்; 1997இல் கொழும்பில் இலங்கைக்கு எதிரான தமது முதல் தேர்வுப் போட்டியில், வீசிய முதற் பந்திலேயே இலக்கு வீழ்த்தியவர்

இவற்றையும் பார்க்க

* பாட்டீல்
* தேஷ்பாண்டே
* கர்ணம்
* கருணீகர்
* மோடி எழுத்துமுறை
* கிராம நிர்வாக அலுவலர்